மகளை அழைத்து வரப் போனேன்!

சகோதரிகளே, எங்கள் ஊர் சிங்காரப்பேட்டையை உங்களில் சிலர் பஸ் ஜன்னல் வழியாகவாவது பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிற சாலையில், ஜவ்வாது மலையைப் பார்த்தபடி இருக்கிற ஊர். மாவும் புளியும் நிலக்கடலையும் விளைகிற பூமி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படித்தால் ஓசூர் கம்பெனி, இன்னும் கொஞ்சம் படித்தால் பெங்களூர் என்பதுதான் வழக்கம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து என் பெரிய மகள் எகிப்து தேசத்துக்கு டாக்டர் படிப்புக்குப் போனாள். அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த கதையைத்தான் எழுதப் போகிறேன். நான் பத்தாவதோடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

எகிப்து எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நீட் தேர்வில் அவள் தேறினாள். ஆனால் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் இல்லை. இங்கே தனியார் கல்லூரியில் கேட்ட பணத்துக்கு எங்கள் மாந்தோப்பு, மளிகைக் கடை, என் நகை எல்லாம் சேர்த்தாலும் போதாது. 2022-ல் உக்ரைனில் போர் வந்து நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பாதிப் படிப்போடு திரும்பி வந்ததைப் பார்த்திருந்தோம். அதனால் அந்தப் பக்கம் வேண்டாம் என்றார் என் வீட்டுக்காரர். தெரிந்தவர் ஒருவர் கெய்ரோவைச் சொன்னார். மாந்தோப்பை அடமானம் வைத்து அந்த வருஷம் அக்டோபரில் அனுப்பி வைத்தோம்.

முதல் வருஷம் நன்றாகப் போயிற்று. இரண்டாம் வருஷ முடிவில் மருந்துகளைப் பற்றிய ஒரு பாடத்தில் தேறவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த அந்த முடிவைத் தீபாவளி வரை எங்களிடம் சொல்லாமலே இருந்துவிட்டாள்! தீபாவளி அன்று போனில், "அம்மா, நான் ஊருக்கே வந்துடட்டுமா?" என்று அழுதாள். வீட்டில் இடி விழுந்தது போலாயிற்று. டிக்கெட் செலவு மிச்சமாகட்டும் என்று அந்தக் கோடை விடுமுறைக்கும் அவள் வரவில்லை. குழந்தையைக் கண்ணால் பார்த்துப் பதினேழு மாதம் ஆகியிருந்தது.

என் மாமியார், "பொட்டப் புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்புனதே தப்பு. போயி கூட்டியா" என்றார். அதே சமயத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு வரனும் வந்தது. நல்ல இடம். பையன் பெங்களூரில் வேலை. "படிப்பு முடியற வரைக்கும் அவங்க காத்திருக்க மாட்டாங்க" என்றார்கள். அந்தப் பக்கத்து தேசத்தில் 2023 முதல் நடந்துவந்த சண்டையை டி.வி.யில் பார்த்துப் பார்த்து எனக்கும் தூக்கமில்லை. கடையை விட்டு இவரால் நகர முடியாது. முடிவில் நான் போவது என்று ஆயிற்று. எனக்குப் போக வர டிக்கெட். அவளுக்கு ஒரு வழி டிக்கெட்டுக்கு வேண்டிய பணத்தை டாலராக மாற்றி, சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக் கொண்டேன். ஆம், சகோதரிகளே, நான் ஊர் பார்க்கப் போகவில்லை. மகளை அழைத்து வரத்தான் போனேன்.

2025 பிப்ரவரி 14-ம் தேதி ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பஸ் மாறி மாறி பெங்களூர் விமான நிலையம் போய்ச் சேர்ந்தேன். பெட்டியில் பாதிக்கு மேல் கேழ்வரகு மாவு, நிலக்கடலை, பருப்புப்பொடி, கொள்ளு, இரண்டு கிலோ புளி. நடுவில் ஒரு வளைகுடா ஊரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். படித்த பெண்மணி ஒருவர் கைப்பிடித்து வழி காட்டினார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

கெய்ரோவில் இறங்கியபோது நம் ஊரைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் கடிகாரம் ஓடிக் கொண்டிருந்தது. வாசலில் மகள் நின்றாள். வீடியோவில் முகம் மட்டும்தானே தெரியும்? நேரில் பார்த்ததும் வயிறு கலங்கியது.

"என்னா கண்ணு, இப்பிடி எளைச்சிட்ட?"

"நீ மட்டும் என்ன, மெலிஞ்சுதான் போயிருக்க. வா, பெட்டிய குடு."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. டாக்சிக்காரரிடம் அரபியில் பேரம் பேசினாள். அவர் ஏதோ சொல்ல, இவள் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என் பெண்ணுக்கு ஊரில் காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்கக்கூட வாய் வராது!

அவள் இருந்தது ரோடா என்கிற தீவில். நைல் நதி கெய்ரோ நகரத்துக்குள் ஓடும்போது நடுவே விட்டுவிட்டுப் போன தீவு அது. மனியல் என்று அந்தப் பேட்டைக்குப் பெயர். பழைய கட்டடம், நான்காவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. கேரளத்துப் பெண் ஒருத்தி, நாமக்கல் பெண் ஒருத்தி, இவள், மூவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பாலைவன தேசம் என்றால் வெயில்தான் என்று எண்ணி நான் ஒரு சால்வையோடு போயிருந்தேன். பிப்ரவரி இரவில் பத்து டிகிரி வரை குளிர் இறங்குகிறது. தரை எல்லாம் கல். வீட்டைச் சூடு பண்ண எந்த வசதியும் இல்லை. பிள்ளைகள் காலுறையோடும் கம்பளிச் சட்டையோடும் உட்கார்ந்து படிக்கிறார்கள். முதல் இரவே அவளுடைய கம்பளியை எனக்குப் போர்த்திவிட்டு அவள் சுருண்டு கிடந்ததைப் பார்த்து, 'நாளைக்கே கிளம்பிவிட வேண்டியதுதான்' என்று தீர்மானம் செய்து கொண்டேன்.

ஆனால் மறுநாள் கல்லூரி திறந்திருந்தது. அவள் காலையில் போனால் மாலையில்தான் வருவாள். நான் தனியே. வேறு வழியில்லாமல் கடைத்தெருவுக்கு இறங்கினேன்.

அங்கே ரொட்டிக்கு 'ஐஷ்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு வாழ்க்கை என்றும் அர்த்தமாம்! கோதுமைத் தவிட்டோடு சுட்ட வட்ட ரொட்டியை மரச் சட்டத்தில் அடுக்கித் தலைமேல் வைத்துக் கொண்டு, ஒரு கையால் சைக்கிள் ஓட்டிப் போகிறார்கள். நமக்கு ரேஷன் அரிசி மாதிரி அவர்களுக்கு மானிய ரொட்டி. பல வருஷமாக 5 பியாஸ்தருக்குக் கொடுத்ததை 2024 ஜூனில் 20 பியாஸ்தர் ஆக்கிவிட்டார்கள். நூறு பியாஸ்தர் ஒரு எகிப்து பவுண்டு. நான் போனபோது ஒரு பவுண்டு நம் காசில் சுமார் 1 ரூபாய் 70 காசு. ரொட்டி விலை ஏறியதைப் பற்றி வரிசையில் நின்ற பெண்கள் பேசிக் கொண்டது மொழி தெரியாமலே எனக்குப் புரிந்தது. கை அசைவும் முகச் சுளிப்பும் நம் ஊர் ரேஷன் கடையில் பார்ப்பது போலவே இருந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? காலைக்கு 'ஃபூல்' என்று ஒன்று. மொச்சையைப் போல் பருமனான ஒரு பயறை இரவெல்லாம் வேகவிட்டு, மசித்து, எண்ணெய், சீரகம், எலுமிச்சம்பழம் சேர்த்து ரொட்டியில் தொட்டுக் கொள்கிறார்கள். அதே பயறை ஊறவைத்து, கொத்துமல்லித் தழையோடு அரைத்துப் பொரித்தால் 'தஅமியா'. பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சைப் பசேல் என்று நம் மசால் வடைக்குத் தங்கை! 'கொஷாரி' என்பது சோறு, மைசூர்ப் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாம் கலந்து, மேலே தக்காளிக் குழம்பும் பூண்டு வினிகரும் ஊற்றி, முறுகலாய் வறுத்த வெங்காயம் தூவுவது. மாமிசம் இல்லை. மலிவு. மாணவர்களுக்கு அதுதான் மத்தியானச் சாப்பாடு.

கீழ் வீட்டில் ஒரு வயதான அம்மாள் இருந்தார். அங்கே வயதில் மூத்த பெண்களை மரியாதையாக 'ஹாக்கா' என்பார்கள். நான் அவரை அப்படிக் கூப்பிட, அவரும் என்னை 'ஹாக்கா' என்றே கூப்பிட்டார். அவர் எனக்கு 'முலுகியா' சமைத்துக் காட்டினார். சணல் இனத்தைச் சேர்ந்த ஒரு கீரை. பொடிப் பொடியாக அரிந்து கொதிக்கும் சாற்றில் போட்டால் வெண்டைக்காய் போல் வழவழவென்று வரும். பூண்டையும் தனியாவையும் நெய்யில் சிவக்கத் தாளித்து அதில் கொட்டுகிறார்கள். கொட்டும் நொடியில் மூச்சை 'ஹா!' என்று சத்தமாக உள்ளே இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் ருசி வராதாம்! நானும் இழுத்தேன். அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக் கொண்டு சிரித்தார்.

நான் பதிலுக்குப் புளிக்குழம்பு வைத்தேன். புளி உருண்டையைப் பார்த்ததும் அவர், "தமர் ஹிந்தி!" என்றார். இந்தியப் பேரீச்சம்பழம் என்று பொருளாம். இங்கிலீஷ்காரர்கள் புளிக்குச் சொல்கிற பெயரே இந்த அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான் என்று மகள் சொன்னாள். எங்கள் ஊத்தங்கரைப் பக்கத்துப் புளியமரங்கள் என் கண்முன் வந்து நின்றன.

இன்னொரு நாள் மாம்பழச் சாறு விற்கிற கடையில், 'ஹிந்தி' என்றே ஒரு மாம்பழ ரகம் அங்கே உண்டு என்று தெரிந்தது. உராபி பாஷா என்கிற எகிப்துத் தளபதி 1882-ல் வெள்ளைக்காரரோடு போரிட்டுத் தோற்று, இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு, 1901-ல் திரும்பினார். நல்ல மாங்கன்று அவர் கொண்டு வந்ததுதான் என்று அங்கே கதையாகச் சொல்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்தச் சாற்றைக் குடிக்கும்போது அடமானத்தில் இருக்கிற எங்கள் தோப்பு ஞாபகம் வந்து தொண்டையை அடைத்தது.

ஒரு வாரம் ஆயிற்று. வரன் விஷயத்தை எடுத்தேன். மகள் பதில் பேசவில்லை. "நாளைக்கு லீவு. வாம்மா, ஊர் சுத்திப் பாக்கலாம்" என்றாள்.

கெய்ரோவில் பாதாள ரயில் 1987-லேயே வந்துவிட்டது. நடுவில் இரண்டு பெட்டிகள் பெண்களுக்கு. அதில் ஏறியதும் மனசு லேசாகிவிடும். சீப்பு விற்கிறவள், சாக்ஸ் விற்கிறவள், குழந்தையை மடியில் போட்டுத் தூங்குகிற தாய் என்று எங்கள் பஸ்ஸே அங்கே ஓடுவது போல் இருக்கும். ஆனால் தெருவைக் கடப்பது பெரும் கண்டம். கார்கள் நிற்கவே நிற்காது. மகள் என் கையைப் பிடித்துக் கொண்டு, கையை நீட்டியபடி நிதானமாக நடப்பாள். சின்ன வயதில் சந்தைக்கு நான் அவளை அப்படித்தான் நடத்திக் கூட்டிப் போவேன்.

பிரமிடு பார்த்தோம். பெரிய பிரமிடு கட்டியபோது 146 மீட்டர் உயரமாம். கிட்டே போனால் ஒவ்வொரு கல்லும் என் மார்பு உயரத்துக்கு இருக்கிறது. ஹீலியோபோலிஸ் பக்கத்தில் ஒரு மாளிகை பார்த்து அசந்து போனேன். கோயில் கோபுரம்! எம்பைன் என்கிற பெல்ஜியம் சீமான் 1907-லிருந்து 1911-க்குள் கட்டியது. அங்கோர்வாட்டையும் நம் நாட்டுக் கோயில்களையும் மாதிரியாக வைத்துக் கட்டினாராம். 2020-ல் பழுது பார்த்துத் திறந்திருக்கிறார்கள். அல் அஸ்ஹர் மசூதிக்கும் போனோம். 970-ல் கட்டத் தொடங்கியது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகள் படிக்கிற இடம். நம் நாடு உட்படப் பல தேசத்து மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். 1961-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு பெண்களுக்கும் இடம் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ரோடா தீவின் நுனியில் இருக்கும் நைல் அளவுகோல்தான். 861-ல் கட்டியது. ஒரு பெரிய கிணறு. நடுவே கோடு போட்ட சலவைக்கல் தூண். வெள்ளம் எத்தனை முழம் ஏறுகிறது என்று பார்த்து அந்த வருஷத்து வரியை நிர்ணயம் செய்வார்களாம். பதினாறு முழம் ஏறினால் நல்ல விளைச்சல். குறைந்தால் பஞ்சம். மிஞ்சினால் ஊர் முழுகும். 1970-ல் அஸ்வான் பெரிய அணை கட்டி முடித்ததிலிருந்து அந்த வெள்ளம் கெய்ரோவுக்கு வருவதில்லை. பாம்பாறு அணையில் தண்ணீர் எத்தனை அடி என்று தினமும் விசாரிக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தூணின் அருமை புரியும்.

அந்தப் படியில் உட்கார்ந்துதான் மகள் வாயைத் திறந்தாள். "அம்மா, இங்க டாக்டர் படிப்பு ஆரம்பிச்சு இருநூறு வருஷம் ஆகப் போகுது. 1827-ல ஆரம்பிச்சாங்க. 1832-ல மருத்துவச்சிங்களுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் வெச்சாங்க. யாரும் பொண்ணுங்கள அனுப்பல. என்ன பண்ணாங்க தெரியுமா? சந்தையில அடிமைப் பொண்ணுங்கள வாங்கியாந்து படிக்க வெச்சாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. நம் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பட்டம் வாங்கியதைப் பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது.

"பாடம் இங்கிலீஷ்லதான் நடத்துறாங்க. நோயாளிங்க பேசறது அரபி. மொத வருஷம் ஒண்ணும் புரியாது. மத்தவங்க கேள்வி கேக்கும்போது நான் ஊமை மாதிரி நிப்பேன். பரீட்சையில போனப்ப உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு. தோப்பு வெச்சு அனுப்பினீங்களே..." என்று அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். ஆனாலும் என் தீர்மானம் மாறவில்லை. இத்தனை கஷ்டம் எதற்கு, வந்துவிடட்டும் என்றுதான் மனம் சொல்லிற்று. "திங்கட்கிழமை டிக்கெட் எடுத்துடலாம், கண்ணு" என்றேன். தலையைக் குனிந்து கொண்டாள்.

மார்ச் 1-ம் தேதி ரமலான் தொடங்கியது. தெருவெல்லாம் வண்ணக் கண்ணாடி விளக்குகள். விடியுமுன் ஒருவர் சின்ன மேளத்தைத் தட்டிக் கொண்டு சாப்பாட்டுக்கு எழுப்பிப் போவார். பகலெல்லாம் கடைகள் ஓய்ந்திருக்கும். சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்தில் தெருவில் நீளமாக மேஜை போட்டு, போவோர் வருவோர் யாரானாலும் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். காசு இல்லை. என்ன ஜாதி, என்ன மதம் என்று கேள்வியும் இல்லை.

மூன்றாம் நோன்பு நாள். நான் டிக்கெட் எடுப்பதாகச் சொன்ன அதே திங்கட்கிழமை. மாலை நாலு மணி இருக்கும். கீழ் வீட்டுப் பெண் ஓடிவந்து கதவைத் தட்டினாள். போய்ப் பார்த்தால், எனக்குக் கீரை சமைத்துக் காட்டிய அந்த அம்மாள் சோபாவில் சாய்ந்து கிடக்கிறார். உடம்பெல்லாம் வியர்வை. கை நடுங்குகிறது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ உளறுகிறார். வீட்டார், நோன்புக் களைப்பு, கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்று சொன்னார்கள் போலிருக்கிறது. எனக்கோ ஒரு வார்த்தையும் தெரியாது. கையைப் பிசைந்து கொண்டு நின்றேன்.

என் மகள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "வலி எங்கே?", "என்ன மாத்திரை, எப்போது போட்டீர்கள்?" என்று அரபியில் கேட்டாள். மாத்திரை அட்டையைக் கொண்டு வரச் சொல்லிப் பார்த்தாள். "சக்கர கொறைஞ்சிடுச்சும்மா. சீனி கொண்டா, சீக்கிரம்!" என்றாள் என்னிடம். முழுங்க முடிகிறதா என்று பார்த்துக் கொண்டு, மூன்று டீஸ்பூன் சீனி கரைத்த தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடிக்க வைத்தாள். நோன்பு முறிகிறதே என்று அந்த அம்மாள் கையைத் தட்டிவிட்டார். இவள் அவர் முகத்தைப் பிடித்துக் கொண்டு மெதுவாக ஏதோ சொன்னாள். உடம்புக்கு முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு என்று அவர்கள் மார்க்கமே சொல்கிறதாம். அதைத்தான் சொன்னாளாம். கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி கொஞ்சம் கொடுத்தாள். வியர்வை நின்றது. அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, "யா பின்தி" என்றார். 'என் மகளே' என்று அர்த்தம். அதன் பிறகும் சும்மா விடவில்லை. வீட்டாரோடு தானும் போய் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத்தான் வந்தாள்.

"எப்படி கண்ணு தெரிஞ்சுது?"

"அந்த மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கெடந்தா சக்கர எறங்கிடும்மா. நான் தேறாத பாடத்துலதான் இது வருது. இப்ப ரெண்டாந்தடவ படிக்கறேன்ல" என்று சிரித்தாள்.

இதைப் படிக்கிற சகோதரிகள் ஒன்றை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். விரதமோ நோன்போ, சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக் கொள்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கக் கூடாது. திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, உளறல் வந்தால் நினைவு இருக்கும்போதே சீனித் தண்ணீரோ பழச்சாறோ கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறிவிடும். உடனே ஆஸ்பத்திரிதான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பெண்ணைக் கூட்டிக் கொண்டு போய் நான் என்ன செய்யப் போகிறேன் என்று யோசித்தேன். ஊரில் இருந்தவரை நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பெண். நான் செல்லமாக வளர்த்தபோது வராத தைரியம், அந்தக் கல்தரைக் குளிரில் அவளுக்கு எப்படியோ வந்திருக்கிறது. நான் பத்தாவது முடித்தபோது, "போதும்" என்று சொன்னவர்களும் என் நன்மைக்காகத்தான் சொன்னார்கள். அந்தச் சொல்லை என் வாயால் நானும் சொல்வதா?

காலையில் சுருக்குப்பையை அவிழ்த்து அவள் கையில் வைத்தேன். "மறுபரீட்சைக்குப் பணம் கட்டு. மிச்சத்துல ரெண்டு நல்ல கம்பளியும், ஒரு சின்ன ஹீட்டரும் வாங்கு. ஆனா இனிமே எதையும் மறைக்கக் கூடாது. தோத்தாலும் எங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்" என்றேன்.

"வரன்?"

"அவங்க காத்திருந்தா காத்திருக்கட்டும்."

கிளம்புவதற்கு முன்நாள் கேரளத்துப் பெண் ஒரு விஷயம் சொன்னாள். எகிப்தின் செங்கடல் கரையில் குசைர் என்ற பழைய துறைமுகத்தில் தோண்டியபோது, உடைந்த பானை ஓடுகளில் தமிழ் எழுத்து கிடைத்ததாம். 'கணன்', 'சாதன்' என்று இரண்டு பெயர்கள். இன்னோர் ஓட்டில் 'பானை ஒறி', அதாவது பானை உறி, என்று எழுதியிருந்ததாம். அது சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியது. உறி! எங்கள் பாட்டி வீட்டில் தயிர்ப் பானையைப் பூனைக்கு எட்டாமல் தொங்கவிடுகிற அதே உறி. என்னைப் போலவே யாரோ ஒருத்தி தன் பிள்ளைக்குப் பானையில் ஏதோ கட்டிக் கொடுத்துக் கப்பலேற்றியிருப்பாளோ என்று நினைத்துக் கொண்டேன்.

மார்ச் 9-ம் தேதி தனியாகத் திரும்பினேன். கீழ் வீட்டு அம்மாள் ஒரு பை நிறையப் பேரீச்சம்பழமும், உலர்ந்த 'கர்கதே' பூவும் கொடுத்தார். நம் புளிச்சக் கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லி இதழ் அது. கொதிக்க வைத்துச் சர்க்கரை போட்டுக் குடித்தால் பானகம் மாதிரி இருக்கும்.

வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாமியார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். திருப்பத்தூர்க்காரர்கள் காத்திருக்கவில்லை. அந்தக் கோடையில் அவள் அந்தப் பாடத்தில் தேறிவிட்டாள். செய்தி வந்த அன்று இவர் ஒன்றும் சொல்லாமல் கடையிலிருந்து ஒரு கிலோ சீனி எடுத்து வந்து, "பாயசம் வை" என்றார்.

தோப்பு இன்னும் மீளவில்லை. ரூபாய் மதிப்பு இறங்குகிறது என்று செய்தி வந்தால் எங்கள் வயிற்றில் புளி கரைகிறது. கல்லூரிக்குக் கட்டுவது டாலரில் அல்லவா! அதனால் பிள்ளைகளை இப்படி அனுப்ப நினைக்கிற தாய்மார்களுக்குச் சொல்கிறேன். ஏஜென்டு பேச்சை மட்டும் நம்பாதீர்கள். நம் தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் போட்ட விதிகளைப் படித்தவர் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீட் தேர்ச்சி வேண்டும். படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது. அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அந்த நாட்டிலேயே தொழில் செய்யத் தகுதி தருகிற பட்டமாக இருக்க வேண்டும். திரும்பி வந்த பிறகும் இங்கே தகுதித் தேர்வு உண்டு, பயிற்சியும் உண்டு. அண்மை வருஷங்களில் அந்தத் தேர்வை எழுதுகிறவர்களில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. இதெல்லாம் தெரிந்து, மனதைத் திடப்படுத்திக் கொண்டு அனுப்புங்கள். அனுப்புமுன் அந்த ஊர் மொழியில் நாலு வார்த்தை கற்றுக் கொடுங்கள். கம்பளி கொடுத்தனுப்புங்கள். எல்லாவற்றையும்விட, தோற்றால் சொல்லலாம் என்கிற தைரியத்தைக் கொடுத்தனுப்புங்கள். நாங்கள் அதைத்தான் கொடுக்க மறந்துவிட்டோம்.

இப்போதும் தினமும் இரவு ஒன்பது மணிக்குப் போன் வரும். அங்கே மாலை. "அம்மா, இன்னிக்கு வார்டுல..." என்று ஆரம்பிப்பாள். பாதி எனக்குப் புரியாது. ஆனாலும் முழுவதும் கேட்டுக் கொள்கிறேன்.